ஆளில்லாத பாலைவனம்

தார் பாலைவனத்தில் விலங்குகளைப் படம்பிடிக்க ஜீப்பில் கிளம்பிய என் கணவர் சேந்தன், பார்வையிலிருந்தும் எடுக்கும் படத்திலிருந்தும் ஆட்களை அழித்துவிடும் கேமரா மூக்குக்கண்ணாடியைக் கழற்றவே இல்லை. மனிதர்கள் தெரிந்தால் இயற்கை கெட்டுவிடுமாம்.

ஒரு காலையில் நான் ஜீப்பைவிட்டு இறங்கியதும் எதிரே ஒரு நாகம் தலைதூக்கிச் சீறியது.

“என்னங்க, பாம்பு.”

“தெரியுது. சத்தம் போடாதே, ஓடிடும்.”

“என் காலுகிட்ட நிக்குதுங்க. கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாருங்க.”

“விளையாடாதே. அங்கே வெறும் மணல்தான் இருக்கு.”

நான் அசையாமல் நின்றேன். அவர் திருப்தியாகப் படம்பிடித்து முடித்த பிறகு பாம்பு தானாக விலகிப்போனது.

அந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்தது. கண்காட்சிக்கு வந்த ஒரு பெண், “இது யாரைப் பார்த்துச் சீறுது சார்?” என்று கேட்டாள்.

“சூரியனை,” என்றார் அவர், என் தோளில் கையைப் போட்டுக்கொண்டே.