குடுக்கை மொச்சை

மங்கம்மாள் விறகுக் கட்டைப் பள்ளிக்கூடச் சுவரில் சாய்த்துவிட்டு, மூச்சு வாங்குகிறவளைப் போல ஜன்னலோரம் நின்றாள்.

மூச்சு ஒன்றும் வாங்கவில்லை. அந்தக் கட்டோடு இன்னும் ஒரு மேடு ஏறக்கூடியவள்தான். பொறாமைதான் அவளை அங்கே நிறுத்தி வைத்தது.

உள்ளே ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகள் வட்டமாகக் குந்தியிருந்தார்கள். நடுவில், வாணியம்பாடியிலிருந்து வந்த ஜெய்புன்னிசா டீச்சர். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு அவளும் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். டீச்சர் என்றால் நாற்காலியில் உட்கார வேண்டாமா? எல்லாம் பிள்ளைகளை மயக்குகிற வித்தை என்று மங்கம்மாள் நினைத்துக்கொண்டாள்.

வந்த நாளிலிருந்து இதே கூத்து. அண்டாத் தண்ணீரில் நயா பைசாவைப் போட்டால் முழுகுகிறதாம், புங்கங்காயைப் போட்டால் மிதக்கிறதாம். வெயிலில் குச்சி நட்டால் காலையில் நிழல் நீளுகிறதாம், உச்சிப்பொழுதில் சுருங்குகிறதாம். மலையில் பிறந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல ஒருத்தி ஆலங்காயம் வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து மலையேற வேண்டுமா?

ஆனால் பாஞ்சாலி ஒவ்வொன்றையும் வீட்டுக்கு வந்து ஒப்பிப்பாள். மங்கம்மாளிடம் அல்ல, ஆட்டுக்குட்டியிடம். 'அம்மா சொன்னாங்க', 'அம்மா காட்டுனாங்க' என்றுதான் எல்லாம் தொடங்கும்.

அந்த அம்மா, டீச்சர்.

பாஞ்சாலியைப் பெற்றவள் அடுத்த பிரசவத்தில் போய்விட்டாள். அதன் பிறகு அவள் அப்பன் சடையன் கட்டிக்கொண்டு வந்தவள் மங்கம்மாள். குளிப்பாட்டினாள், பேன் பார்த்தாள், குளிர்காய்ச்சலில் விடிய விடிய மடியில் போட்டுக்கொண்டு கிடந்தாள். பாஞ்சாலி இதுவரை அவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பசிக்குது' என்பதைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் சொல்வாள்.

ஒருநாள் மங்கம்மாளே வெட்கத்தை விட்டு, பானைத் தண்ணீரில் மர அகப்பையைப் போட்டு, மிதக்கிறது பார் என்று காட்டினாள். குழந்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இவள் ஏங்கிக் கிடந்த ஒரே ஒரு சொல்லை, நேற்று வந்தவள் நோகாமல் எடுத்துக்கொண்டுவிட்டாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இன்றைக்கு வட்டத்தின் நடுவே மூங்கில் குவளைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் மண், மண்ணுக்குள் விதை. வீட்டிலிருந்து விதை கொண்டுவரச் சொல்லி, பிள்ளைகள் கையாலேயே அதை ஊன்ற வைத்திருந்தாள் டீச்சர்.

அந்த மலையில் விதை என்பது வீட்டுக்காரியின் பொறுப்பு. அடுத்த விதைப்புக்கு வேண்டிய மொச்சையைச் சாம்பலில் புரட்டிச் சுரைக்குடுக்கையில் அடைத்து, வாயைச் சாணியால் பூசி அவள்தான் வைத்திருப்பாள். புருஷன்கூட அவளைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். விதை முளைக்காமல் போனால் ஊர் சிரிப்பதும் அவளைப் பார்த்துத்தான்.

போன வாரம் பாஞ்சாலி முதல்முறையாக மங்கம்மாளின் முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டாள். மொச்சை வேண்டும் என்று கேட்டாள். அதுவும் டீச்சருக்காக. மங்கம்மாள் அவள் கண் எதிரிலேயே குடுக்கையை இறக்கி, சாணிப் பூச்சை உடைத்தாள்.

இப்போது எல்லாக் குவளையிலும் பச்சை தலைகாட்டியிருந்தது. பாஞ்சாலியின் குவளையில் வெறும் மண்.

மங்கம்மாளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அழட்டும். டீச்சர் சொன்னது தனக்கு மட்டும் பலிக்கவில்லை என்று மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்கு வரட்டும். வந்தால் வாரி எடுத்து வைத்துக்கொள்ள இங்கே ஆள் இருக்கிறது.

"பாஞ்சாலி வூட்டு வெதை சொத்தைடோய்!" என்று தங்கவேல் கத்தினான். வகுப்பே சிரித்தது.

டீச்சர் அவனை அதட்டிவிட்டு, தன் டப்பாவிலிருந்து ஒரு மொச்சையை எடுத்துப் பாஞ்சாலியிடம் நீட்டினாள். இன்றைக்குப் போட்டால்கூட முளைத்துவிடும் என்று சொல்லி அவள் தலையைக் கோதினாள்.

வாங்கிக்கொள்ளப் போகிறாள். அம்மா கொடுத்தது என்று கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போகிறாள். மங்கம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பாஞ்சாலி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாங்க டீச்சர். இது எங்கம்மா குடுக்கையிலேர்ந்து எடுத்துக் குடுத்தது. மொளைக்கும்."

மங்கம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எந்த அம்மா என்று ஒரு கணம் அவளுக்கே விளங்கவில்லை.

குடுக்கையைத் திறந்தது அவள்தான். பாஞ்சாலி முகம் கழுவப் போன நேரத்தில் அந்த மொச்சையை அடுப்பில் காய்ந்த ஓட்டில் போட்டு, மேல்தோல் கருகாமல் பக்குவமாக வறுத்து, ஊதி ஆற்றி, அந்தச் சின்னக் கையில் வைத்து மூடியதும் அவள்தான்.

உள்ளே பாஞ்சாலி குவளையை மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் ஒரு கை தண்ணீர் ஊற்றினாள்.