வெள்ளிக்கிழமை வரைக்கும்

“எப்பாடு பட்டாவது இத காப்பாத்திக் குடுங்க டாக்டரம்மா! இதுக்கு ஒண்ணு ஆச்சின்னா என் குடும்பமே பூடும்!”

சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த நாயைக் கால்நடை மருத்துவமனை மேசைமேல் கிடத்திவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான் மாசி. சாலவாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரைக் குடியிருப்பு அவனுக்கு. பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டதால், வைக்கோல் வண்டிக்காரனிடம் கெஞ்சிக் கூத்தாடி உத்திரமேரூர் வந்து சேர்ந்திருந்தான்.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் அழுகிறவர்களை டாக்டர் தேவயானி நிறையப் பார்த்திருக்கிறாள். எலும்பும் தோலுமான ஒரு நாட்டு நாய்க்கு இப்படிக் கதறுகிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். எவ்வளவு நல்ல மனுஷன் என்று அவளுக்கு மனசு இளகிவிட்டது.

“நாய் பேரு இன்னாய்யா?” சீட்டு எழுத உட்கார்ந்த உதவியாளர் ஏகாம்பரம் கேட்டார்.

மாசி திருதிருவென்று விழித்தான். “பேருல்லாம் இல்லீங்க.”

“ஊரக் கூட்டி அழுவுற. ஒரு பேரு வைக்கத் தோணலியா?” யாரையாவது சீண்டாவிட்டால் ஏகாம்பரத்துக்குக் குடித்த டீ செரிக்காது.

மாசி அவரைக் கண்டுகொள்ளவில்லை. “தொண்டையில எலும்பு மாட்டிக்கினு கீது போலம்மா. நேத்துலேந்து ஒண்ணும் முழுங்கல. புள்ளைக்கு வச்சிருந்த பாலகூட ஊத்திப் பாத்தேன். எல்லாம் வெளியதான் வருது.”

வெளியே புங்க மரத்தடியில் அவன் மனைவி செங்கேணி நின்றிருந்தாள். அவள் புடவைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு மகள் நதியா எட்டி எட்டிப் பார்த்தாள். அழுதழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது. முழங்காலுக்குக் கீழே ஒரு பழந்துணிக் கட்டு. செருப்பில்லாமல் வரப்பில் ஓடுகிற பிள்ளைக்கு முள் கிழிக்காமல் என்ன செய்யும்? செல்லமாக வளர்த்த நாய் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தபடியே தேவயானி கையுறையை மாட்டினாள்.

டார்ச் அடித்துப் பார்த்தாள். எலும்பும் இல்லை, ஒன்றும் இல்லை. கீழ்த்தாடை தொங்கிப்போய் எச்சில் நிற்காமல் ஒழுகியது. பின்னங்கால் இரண்டும் துவண்டு கிடந்தன. அவள் சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“எல்லாரும் தள்ளி நில்லுங்க! யாரும் தொடாதீங்க!”

“இன்னாம்மா? இன்னா ஆச்சி?”

“இது எலும்பு இல்ல மாசி. வெறிநோய். ரேபிஸ். வந்துட்டா மருந்தே கிடையாது. இன்னிக்குப் பொழுது தாங்கறதே பெரிசு.”

மாசி தடாலென்று தரையில் விழுந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டான். “அப்டி சொல்லாதீங்கம்மா! குளுகோஸ் ஏத்துங்க, ஊசி போடுங்க, என் ரத்தம் வோணும்னாலும் எடுத்துக்கோங்க. வெள்ளிக்கெழம வரைக்கும் உசுரப் புடிச்சி வையிங்க, போதும். அப்பறம் செத்தா சாவட்டும்!”

“வெள்ளிக்கெழம இன்னா, பாப்பாவுக்குப் பொறந்த நாளா?” என்றார் ஏகாம்பரம். இப்போது அவர் குரலில் கிண்டல் இல்லை.

தேவயானி குனிந்து அவனைத் தூக்கி நிறுத்தினாள். “இது உன்னைக் கடிச்சுதா?”

“என்னிய கடிக்கலம்மா.”

“கடிக்காட்டியும் இந்தக் கையாலதானே பால் ஊத்தின? எச்சில் பட்டிருக்கும். இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கோ. வீட்டுல யார் யார் தொட்டாங்களோ அவங்களையும் கூட்டிட்டுப் போ. ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.”

“எனுக்கு எதுக்கும்மா ஊசி? இதுக்குப் போடுங்க! இத பொழைக்க வையிங்க!”

அவன் போட்ட சத்தத்தில் மாடு பிடித்துக்கொண்டு வெளியே நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். தேவயானி குரலைத் தணித்துக்கொண்டாள். “வளர்த்த பாசம் எனக்குப் புரியுது மாசி. ஆனா...”

“யாரும்மா வளத்தது? ரோட்டுல திரிஞ்ச நாயி இது. அடிச்சிப் போட்டுடலாம்னு ஊரே கட்டையோட வந்திச்சி. நான்தான் குறுக்க வுயுந்து தடுத்தேன். வூட்டாண்ட கட்டி வச்சி, வேலைக்கும் போவாம காவல் காத்துக்கினு கீறேன்.”

தேவயானி புரியாமல் பார்த்தாள். “தெரு நாயை எதுக்குக் காவல் காத்த?”

மாசி முகத்தைத் துடைத்துக்கொண்டு மரத்தடிப் பக்கம் திரும்பினான். “கடிச்ச நாயி பத்து நாளு சாவாம இருந்தா புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு எங்க மேஸ்திரி சொன்னாரும்மா. வெள்ளிக்கெழமையோட பத்து நாளு.”

தேவயானியின் பார்வை அந்தப் பழந்துணிக் கட்டுக்குப் போனது. அடுத்த கேள்வியைக் கேட்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

“பாப்பாவுக்கு ஊசி போட்டாச்சா?”

“நாயிதான் உசுரோட கீதேன்னு வுட்டுட்டேம்மா.”