பேச்சுப் பெட்டி

மூன்று செல்போன்களையும் மைக்ரோவேவ் அடுப்புக்குள் வரிசையாக வைத்துக் கதவைச் சாத்தினார் மெக்கானிக். பக்கவாட்டில் இருந்த குமிழை அறுபதுக்குத் திருப்பினார். உள்ளே டக்கென்று ஏதோ விழுந்தது.

"என்னோடத மொறுமொறுன்னு எடுங்க மாமா" என்றான் மைத்துனன். ஒரு மாதம் தங்கி வேலை தேடிக்கொள்கிறேன் என்று வந்தவன். வந்து மூன்று வருடமாகிறது.

மெக்கானிக் சிரிக்கவில்லை. அது அடுப்பே இல்லை என்று விளக்கினார். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராமல் போன அடுப்பின் வெறும் கூடு. சூடாக்கும் சாமான்களைக் கழற்றி எறிந்துவிட்டு, உடைசலுக்குப் போன வாஷிங் மெஷின் ஒன்றின் கதவுப் பூட்டையும் டைமரையும் அதில் பொருத்தியிருந்தார். நேரம் முடிந்ததும் கத்துவதற்கு, செத்த யுபிஎஸ்ஸின் பஸ்ஸர். அடுப்பின் கூடு அலையை வெளியே விடாது, வெளியே விடாதது உள்ளேயும் விடாது. அதனால் போன் அடிக்கக்கூடச் செய்யாது.

"துணி துவைச்சு முடியாம மெஷின் கதவு திறக்குமா? அதே கதைதான். ஒரு மணி நேரத்துக்கு நானே நெனச்சாலும் திறக்காது."

வீட்டு ஃபேன் ஆறு மாதமாக ஆடிக்கொண்டே சுற்றுகிறது, அதற்கு மட்டும் நேரமில்லை என்று மனைவி சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவருடைய போன் மட்டும் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது. கஸ்டமர் கூப்பிடுவார்கள் என்றார்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பல். மனைவிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிய சேதி அவருக்கு நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் எதிர்வீட்டுக்காரர் படிக்கட்டில் நிறுத்தி நலம் விசாரித்தபோது. இப்போது பரவாயில்லை என்று சமாளித்துவிட்டுக் கடைக்குப் போனவர், அன்று ஒரு மிக்ஸியைக்கூட ஒழுங்காக மாட்டவில்லை. தன் வீட்டில் நடப்பது தனக்குத்தான் கடைசியாகத் தெரிகிறது என்பது செருப்பால் அடித்ததுபோல் இருந்தது.

குற்றவாளி எது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வந்தால் மனைவி சமையலறை வாசலில், மகள் ஜன்னலோரம், மைத்துனன் சோபாவில். ஆளுக்கொரு போன், குனிந்த தலை நிமிராது. அவர் செருப்பைக் கழற்றும்போதே வீடு கப்சிப்பென்று ஆகிவிடும். நடுநடுவே மூன்று மூலையிலிருந்தும் ஒரே சமயத்தில் சிரிப்பு மட்டும் கிளம்பும். ஊர் உலகமே ஒரே கோமாளி வீடியோவைப் பார்த்துக் கெட்டுப்போகிறது என்று தலையில் அடித்துக்கொள்வார்.

ஆகவேதான் பெட்டி. தினமும் ஏழிலிருந்து எட்டு வரை.

முதல் நாள் மேசையைச் சுற்றி எல்லாரையும் உட்கார வைத்துப் பேசச் சொன்னார். மூவரும் மேசையைப் பார்த்தார்கள். சரி, நானே ஆரம்பிக்கிறேன் என்று ஆரம்பித்தார். கம்ப்ரஸர் போன பிரிட்ஜுக்கும் கேஸ் போன பிரிட்ஜுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னார். அங்கிருந்து மைத்துனனின் எதிர்காலத்துக்குப் போனார், மகளின் தலைமுடிக்கு வந்தார், மனைவி தம்பியை வளர்த்த லட்சணத்தில் முடித்தார். பஸ்ஸர் கத்தியபோது அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"பாத்தீங்களா, குடும்பம்னா இப்படித்தான் மனசுவிட்டுப் பேசணும்."

கதவு திறந்ததும் மூவரும் போனை அள்ளிக்கொண்டு அவரவர் மூலைக்கு ஓடினார்கள். அரை மணி நேரம் கட்டைவிரல்கள் ஓயவில்லை. குடியை விட்டவனுக்கும் முதல் வாரம் கை நடுங்கத்தான் செய்யும் என்று அவர் மன்னித்தார்.

மூன்றாம் நாள் மனைவி வாய் திறந்தாள். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது என்றாள். ஐந்தாம் நாள் மைத்துனனும் வாய் திறந்தான், கொட்டாவி. பெட்டி வேலை செய்கிறது என்று மெக்கானிக் கடையில் பெருமையடித்துக்கொண்டார். வேண்டுமென்றால் உங்களுக்கும் ஒன்று செய்து தருகிறேன் என்று இரண்டு கஸ்டமர்களிடம் வாக்குக் கொடுத்தார்.

எட்டாம் நாள் அவர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. நேராக மகளிடம் திரும்பினார். படிப்பை முடித்துவிட்டு வெளியூரில் ஒரு வேலைக்கு அவள் எழுதிப் போட்டு மூன்று மாதமாகியிருந்தது. இதையாவது அவள் வாயாலேயே முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவருக்கு இருந்தது. குரலைக்கூடத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த வேலை என்னம்மா ஆச்சு?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தன் தம்பியைப் பார்த்தாள். தம்பி பெட்டியைப் பார்த்தான்.

"அப்பா, அதை ஒரே ஒரு நிமிஷம் திறங்களேன்."

"இன்னும் நாப்பது நிமிஷம் கிடக்கு. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒருத்தங்ககிட்ட அவசரமா ஒண்ணு கேட்டுக்கணும்."

"யார்கிட்ட?"

"அம்மாகிட்ட."

மெக்கானிக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். முழங்கை இடிக்கும் தூரத்தில் பெற்றவள் உட்கார்ந்திருக்கிறாள், அவளிடம் பேசவும் போன் வேண்டுமாம். இந்த நோய்க்கு ஒரு மணி நேரம் போதாது, நாளையிலிருந்து இரண்டு மணி நேரம் என்று அறிவித்தார்.

"பக்கத்துலதானே உக்காந்திருக்கா. வாயைத் திறந்து கேளேன்."

மகள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"உங்க முன்னாடி எப்படிப்பா கேக்கிறது?"