கஷ்டமான சாஃப்ட்வேர்

இசைக்கருவிக் கடையில் அந்த விற்பனையாளனுக்கு அன்றுதான் முதல் நாள். முதலில் வந்தவர் அறுபதை நெருங்கும் ஒரு அம்மா. வீட்டிலேயே பாட்டு தயாரிக்க ஒரு சாஃப்ட்வேரும், அதோடு இணைக்க ஒரு கீபோர்டும் வேண்டும் என்றார்.

"இதை எடுத்துக்கோங்கம்மா. ஒரு மணி நேரத்துல கத்துக்கலாம்."

"ஒரு மணி நேரந்தானா?" அம்மாவின் முகம் தொங்கிப்போனது. "இதைவிடக் கஷ்டமா எதுவும் இல்லையா?"

அவன் அசந்துபோனான். பெரிய இசைக்கலைஞர் போலிருக்கிறது! ஆளைப் பார்த்து எடைபோட்டது தப்பு என்று நினைத்தபடி, மேல்தட்டிலிருந்து சாஃப்ட்வேரும் கீபோர்டும் சேர்ந்த ஒரு பெரிய பெட்டியைப் பயபக்தியோடு இறக்கினான்.

"இதுல அறுபத்து நாலு பட்டன். ஒவ்வொண்ணுக்கும் நாலு வேலை. கையேடே எண்ணூறு பக்கம்."

"ஹெட்போன் மாட்டிக்கணுமா?"

"கண்டிப்பா. மாட்டிட்டா பக்கத்துல இடி விழுந்தாலும் கேட்காது."

"முழுசாக் கத்துக்க எத்தனை நாள் ஆகும்?"

"ஆறு மாசம். அதுக்குள்ள புது வெர்ஷன் வந்துடும். திரும்ப முதல்லேர்ந்து கத்துக்கணும்."

உண்மையை உளறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். முதல் வியாபாரமே போச்சு!

ஆனால் அம்மாவின் முகம் மலர்ந்தது. "பில் போடுங்க தம்பி."

"எத்தனை வருஷமாம்மா மியூசிக் பண்றீங்க?"

"நானா? எனக்கு சரிகமகூடத் தெரியாது. என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகி ஒரு மாசம் ஆச்சு. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அடுப்பு பக்கத்துலயே நின்னு, எப்படிச் சமைக்கணும்னு எனக்குச் சொல்லிக்கொடுக்கிறார்!"