கழுத்தில் ஐந்து கரிவிரல்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. கடல்காற்று ஜன்னலை உலுக்கினால் உலுக்கட்டும். ஒரே வீட்டை வைத்து மூன்று பேர் பொய் சொன்ன கதையைச் சொல்கிறேன். அதில் ஒரு பொய்தான் வாசலிலேயே அகப்பட்டது.

ஹார்ம் தன் மனைவி இம்கேயின் கழுத்தைப் பிடித்துச் சமையலறைச் சுவரோடு அழுத்தியபோது, மணி பத்தாக இன்னும் பத்து நிமிஷம்.

ரொட்டி டப்பாவுக்குள் அவள் ஒளித்து வைத்திருந்த கடிதம் அவன் கையில் சிக்கிவிட்டது. இன்று பத்து மணிக்குப் புகைபோக்கிப் பரிசோதகர் வருகிறார். வரச்சொன்னது அவள்.

"அடுப்பு புகையுதுன்னு போன் போட்டியாமே? எங்கடி புகை?"

புகைபோக்கியின் அடியில் இருக்கும் இரும்புக் கதவைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டு, ஒரு பிடி கரியை அள்ளி அவள் மூக்குக்கு நேரே நீட்டினான். முதல் அடியில் தேநீர்க் கோப்பை பறந்தது. இரண்டாவது அடியில் அடுப்பில் பதித்த ஓட்டின் விளிம்பில் மோதி உதடு கிழிந்தது. அப்புறம்தான் கழுத்து.

ஆறு வருஷமாக, புகைபோக்கியைச் சுத்தம் பார்க்கிற புகைபோக்கிக்காரரைத் தவிர, அந்த வீட்டுக்குள் அவன் யாரையும் விட்டதில்லை. இம்கேயின் அக்காவைக்கூட வெளிக்கதவோடு திருப்பி அனுப்பியவன்.

அவள் கண்ணில் அறை இருட்டிக்கொண்டு வந்தது.

அழைப்பு மணி அடித்தது.

கை விலகியது. அவள் சுவரோரமாகச் சரிந்தாள்.

ஹார்ம் ஜன்னல் வழியாகப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த புகைபோக்கிக்காரர், கறுப்பு உடுப்பும் உயரத் தொப்பியும் பொன்னிறப் பொத்தானும் தோளில் துடைப்பமுமாக வருகிற கிழவர். வாசலில் நின்றதோ சாம்பல் நிற மழைக்கோட்டு போட்ட ஒரு குள்ளமான பெண். கையில் சின்னப் பெட்டி. மாதா கோயிலுக்கு நன்கொடை கேட்டு வருகிறவளைப் போல இருந்தாள்.

அவனுக்கு மூச்சு வந்தது. கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"எழுந்திருடி. சிரி."

கதவைத் திறந்தான். அந்தப் பெண்ணின் பார்வை அவன் தோளைத் தாண்டி உள்ளே போய், இம்கேயின் கழுத்தில் நின்றது. வெள்ளைத் தோலில் ஐந்து கறுப்பு விரல்கள்.

எங்கள் பக்கத்தில் புகைபோக்கிக்காரரைத் தொட்டால் அதிர்ஷ்டம். அவரே ஒரு விரல் கரியைப் பூசிவிட்டால் இன்னும் விசேஷம். ஹார்முக்கு அது சட்டென்று கைகொடுத்தது.

"அதுவா! புகைபோக்கிக்காரர் இப்பத்தான் வந்துட்டுப் போனார். அதிர்ஷ்டத்துக்குக் கொஞ்சம் பூசி விடுங்கன்னு இவதான் கெஞ்சினா. பொம்பளை புத்தி, உங்களுக்குத் தெரியாததா?"

"மூக்குலதானே பூசுவாங்க. கழுத்துலயா பூசினார்?"

"தமாஷான ஆளு."

அவள் கோட்டுப் பையிலிருந்து ஓர் அடையாள அட்டையை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"பெரியவர் ஈஸ்டரோட ஓய்வு வாங்கிட்டார் சார். இந்த வட்டாரத்துக்கு இப்போ நான்தான். எனக்குத் தமாஷெல்லாம் வராது."

அவன் கதவை ஓங்கிச் சாத்தினான். கனத்த ஓக் கதவு அவள் பூட்ஸின் மேல் மோதி நின்றது. அவள் முகம் வெளுத்தது. காலை மட்டும் எடுக்கவில்லை.

"சாத்துங்க. அடுத்த தடவை போலீசோட வருவேன். யாரை வேணும்னாலும் வெளிய நிறுத்தலாம், என்னை நிறுத்த முடியாது. சட்டம் அப்படி."

ஹார்ம் இரண்டே எட்டில் அடுப்படிக்குப் போய், நெருப்புக் கிளறும் இரும்புக் கம்பியோடு திரும்பினான்.

அதற்குள் அவள் உள்ளே வந்திருந்தாள். பெட்டியிலிருந்து கைக்கடக்கமான அளவுக் கருவியை எடுத்து, திரையைத் தன் பக்கமாக வைத்து, காற்றில் உயர்த்திப் பிடித்தாள். உற்றுப் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள்.

கம்பி அவள் தலைக்கு மேலே ஓங்கி நின்றது.

"விஷவாயு" என்றாள், மெதுவாக. "வாசனையே இருக்காது. இன்னும் அஞ்சு நிமிஷம் இங்க நின்னா செத்துருவீங்க சார். பின்கதவு வழியா ஓடுங்க. தோட்டத்துக் கடைசிக்குப் போயிருங்க."

கம்பி தரையில் விழுந்து உருண்டது. ஹார்ம் ஓடினான். சுவரோரம் கிடந்த மனைவியின் காலைத் தாண்டிக் குதித்து ஓடினான்.

"அம்மா, நீங்க என்கூட முன்பக்கமா வாங்க. கோட்டு வேண்டாம். அப்படியே வாங்க."

பரிசோதகரின் கார் இம்கேயோடு நகர்ந்தபோது, தோட்டத்துக் கோடியில் ஹார்ம் தெரிந்தான். சட்டை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தான்.

இம்கே கைக்குட்டையைக் கழுத்துக்குக் கொண்டுபோனாள்.

"துடைக்காதீங்க. ஸ்டேஷன்ல அவங்க முதல்ல பாக்கட்டும். அதிர்ஷ்டக் கரியாச்சே."

இம்கேவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. "நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். அந்த அடுப்பு ஒருநாளும் புகைஞ்சதில்லை. வேற யாரையும் அவர் உள்ள விட மாட்டார், அதான்..."

பரிசோதகர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், அந்த அளவுக் கருவியை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

இம்கே அதைத் திருப்பிப் பார்த்தாள். பின்மூடி திறந்து கிடந்தது.

உள்ளே பேட்டரியே இல்லை.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுப் புகை நேராக மேலே ஏறட்டும். உங்கள் அடுப்பங்கரையில் சூடு அடுப்பில் மட்டும் இருக்கட்டும். யார் மணி அடித்தாலும், நடுங்காமல் போய்த் திறக்கிற கை உங்கள் வீட்டில் இருக்கட்டும்.