ஒரு பல் பூண்டு

திண்டுக்கல்லிலிருந்து எப்போது திருச்சிக்கு வந்தாலும் கிளமென்ட்டுக்குக் காலை இட்லி தெப்பக்குளத்து ஐயர் ஹோட்டலில்தான். இந்தத் தடவை ஒரு வாய் வைத்ததும் முகம் சுளித்தார்.

“சட்னி பழைய மாதிரி இல்லையே, சாமி.”

“சமையல்காரன் மாறிட்டான்” என்றார் கல்லாவில் இருந்த பஞ்சாபகேசய்யர். “பழையவனைத் துரத்தினதே உங்களாலதான்.”

“என்னாலயா? போன தடவை அவரைப் புகழ்ந்துட்டுத்தானே போனேன்.”

“எப்படிப் புகழ்ந்தேள்? வாசனை தெரியாம ஒரு பல் பூண்டு வதக்கி அரைச்சிருக்கு, எங்கம்மா கைப்பக்குவம் அப்படியே இருக்குன்னேள். எங்க அடுக்களையில ஏது பூண்டு? உள்ளே போய் அவனை அடிச்சு மிரட்டினேன். பூணூலை மாட்டிண்டு, ராமசுப்புன்னு பேர் சொல்லிண்டு, வெளியிலேயே தலைகாட்டாம ஆறு வருஷம் என்னை ஏமாத்தியிருக்கான். கிறிஸ்தவனாம். பேர் தைரியராஜாம்.”

கிளமென்ட்டின் கை இலையிலேயே நின்றுவிட்டது. இடது கையால் சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். வீட்டை விட்டு ஓடிப்போன தம்பியின் போட்டோ. ஆறு வருஷமாகத் திருச்சியில் ஒவ்வொரு சர்ச் வாசலிலும், பொன்மலை ஒர்க்‌ஷாப் கேட்டிலும் காட்டிக் காட்டி ஓரமெல்லாம் கிழிந்திருந்தது.

“இவனா, சாமி?”

“இவனேதான். அவ்வளவு அடி வாங்கியும் அழலை. காட்டிக்கொடுத்தது யாருன்னு மட்டும் கேட்டான். திண்டுக்கல் கிளமென்ட்டுன்னு உங்க பேரைச் சொன்னேன்.”

“அதுக்கு என்ன சொன்னான்?”

“‘கிளமென்ட்டா’ன்னு ரெண்டு தடவை கேட்டான். அப்பறந்தான் அழுதான்.”