பத்து வருஷப் பழக்கம்

வேட்டைத் துவக்கின் பிடியால் விழுந்த இடி நேரே வாயில்தான் விழுந்தது. பாலை மரத்தோடு கட்டிக் கிடந்த ஏரம்புவின் முன்பற்கள் இரண்டு மண்ணில் போய் விழுந்தன.

"பெட்டியை எங்கையடா ஒளிச்சு வைச்சனீ?" என்று கேட்டான் மில் காவல்காரன் ஐயாத்துரை. கேட்ட கையோடு, அவன் பதில் சொல்ல முன்னமே, மறுபடியும் வாயிலேயே இடித்தான்.

அன்று காலை அரிசி மில் முதலாளி நடராசா கழுத்தில் வெட்டு விழுந்து செத்துக் கிடந்தார். நகைப் பெட்டியைக் காணவில்லை. பிரேதத்துக்குப் பக்கத்தில் நின்ற மூடை தூக்கும் ஏரம்புவை ஐயாத்துரைதான் பாய்ந்து பிடித்தான். பிறகென்ன, உடையார்கட்டுச் சனம் கூடி ஆளுக்கொரு கை பார்த்தது.

ஊர்த் தலைமைக்காரரான விதானையார் சிற்றம்பலம் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டும், ஊரில் அவருக்கு அதுதானே உத்தியோகம்! ஆனால் நடராசா அவருடைய உயிர்ச் சிநேகிதர், ஆத்திரம் கண்ணை மறைத்துவிட்டது. ஏரம்பு அவரையே பார்த்து உடைந்த வாயால் என்னவோ சொல்லப் பார்த்தான். இரத்தம்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் தலை தொங்கிப்போயிற்று.

மூச்சில்லை என்று தெரிந்ததும் சனம் மெல்லக் கழன்றது. இரண்டு பிணத்துக்கும் பதில் சொல்ல விதானையார் ஒருவர்தான் மிச்சம். முல்லைத்தீவுப் பொலிசுக்குப் போய் அறிவிக்க வேண்டும். புதுக்குடியிருப்பில் பஸ் பிடிக்கும்வரை காட்டுப்பாதை. யானை நிற்கும், தனியே போகவேண்டாம் என்று ஐயாத்துரை துவக்கோடு கூட வந்தான். நல்ல பெடியன் என்று விதானையாருக்கு நெஞ்சு குளிர்ந்தது.

பாதி வழியில்தான் அந்த நினைப்பு வந்தது. விதானையாரின் நற்சாட்சிப் பத்திரம் இல்லாமல் நடராசா எவரையும் வேலைக்கு எடுப்பதில்லை. மூன்று மாதத்துக்கு முன் ஐயாத்துரை தானே எழுதிக்கொண்டு வந்த பத்திரத்தில், கலியாண வீட்டுக்கு நேரம் போகிறதென்று, சைக்கிள் சீற்றில் வைத்தே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் அவர். ஆளைக் கண்டதே அன்றைக்குத்தான். எந்த ஊர், ஆருடைய மகன் என்றுகூடக் கேட்கவில்லை. 'பத்து வருஷமாக நன்கு அறிவேன், நேர்மையானவர்' என்று அதில் எழுதியிருந்தது.

மில்லில் காவல் நின்றவன் ஆரென்று பார்க்கப் பொலிசு முதலில் கேட்பது அந்தக் கடதாசியைத்தான். விஷயம் வெளியே வந்தால் இருபது வருஷ உத்தியோகம் ஒரு நாளில் போய்விடும். ஆனாலும் இரண்டு உயிர் போன பிறகு இனியும் ஒரு பொய் வேண்டாம், போனால் போகட்டும் என்று ஒரு முடிவுக்கு வந்தார்.

"தம்பி, கோவிக்காதையும்," என்றார், திரும்பிப் பாராமலே நடந்துகொண்டு. "உம்மை எனக்கு முன்பின் தெரியாது, அவசரத்திலை கையெழுத்து வைச்சனான் எண்டு உள்ளதைச் சொல்லப்போறன். உம்மடை ஊரிலை ஒருக்கா விசாரிக்கச் சொல்லியும் சொல்லுவன். உமக்கும் அது நல்லதுதானே."

பின்னால் வந்த காலடி நின்றது.

"நேற்றைக்கு முதலாளியும் இதைத்தான் சொன்னவர், ஐயா."